ட்ரம்பெட் பழகுபவர்களுக்கு: முதலில் காது, அப்புறம் ட்யூனர்

ட்ரம்பெட்டைக் கையில் எடுத்த புதிதில், சுருதி சரியா என்று முள்ளால் காட்டும் ட்யூனர் ஆப்பைப் பார்த்துக்கொண்டே ஊதுவேன். முள் நடுவில் நின்றால் எனக்குத் திருப்தி. வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தத் திருப்தி இல்லை. சுருதி சரியாகத்தான் இருந்தது. நாதம் மட்டும் நசுங்கின தகர டப்பா. உதட்டை இறுக்கி முள்ளை நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

முதல் வேலை மூச்சு. தோள் தூக்காமல், வாயின் ஓரங்கள் வழியாக, கொட்டாவி விடுவது போலத் தொண்டையைத் திறந்து இழுங்கள். கன்னம் உப்ப வேண்டாம். ஜாஸ் ட்ரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லஸ்பி உப்பினாரே என்றால், அவர் டிஸ்ஸி கில்லஸ்பி.

அடுத்து மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் கழற்றக்கூடிய முனை) மட்டும். இரண்டு விரலால் பிடித்து, உதடு துடிக்க ஊதி, சைரன் மாதிரி மேலும் கீழும் போய் வாருங்கள். இரண்டு நிமிடம் போதும். உதட்டில் சிவப்பு வளையம் ஆழமாகப் பதிந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள்.

இப்போது தம்பூரா ஆப்பைத் திறங்கள். பெரும்பாலோர் வைத்திருப்பது பி ஃப்ளாட் ட்ரம்பெட். அதில் 'சி' என்று எழுதியிருப்பதை ஊதினால் பியானோவின் பி ஃப்ளாட் கேட்கும். நம் கணக்கில் ஆறரைக் கட்டை. ஆப்பில் ஆறரைக் கட்டையை வைத்தால் உங்கள் 'சி' ஸட்ஜம், 'ஜி' பஞ்சமம்.

ஊதுவதற்கு முன் அந்த 'ஜி'யை வாயால் பாடுங்கள். பாட வராத சுரம் ட்ரம்பெட்டிலும் தடுமாறித்தான் வரும். பிறகு வால்வ் (விரலால் அழுத்தும் பொத்தான்) எதையும் அழுத்தாமல், நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் எட்டு எண்ணிக்கைக்கு நீட்டி ஊதுங்கள். மிக மெல்லிய சத்தம் வேண்டாம், நடுத்தர சத்தம். தம்பூராவோடு சேராவிட்டால் 'வவ் வவ்' என்று ஓர் அலை கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும், சேர்ந்ததும் நின்றுவிடும். கடைசி இரண்டு எண்ணிக்கையில் மூச்சு குறைந்து சுருதி தொங்கும். அங்கே உதட்டை இறுக்காமல், கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.

இனிதான் முக்கியமான பயிற்சி. அதே 'ஜி'யை ஊதிக்கொண்டே, விரல் அசையாமல், உதட்டைத் தளர்த்திச் சுருதியைக் கொஞ்சம் கீழே சாய்க்கவும். அசிங்கமாகத்தான் கேட்கும், பரவாயில்லை. அங்கிருந்து மெதுவாக மேலே வாருங்கள். ஓரிடத்தில் நீங்கள் கூடுதலாக எதுவும் செய்யாமலே சத்தம் திடீரென்று பருத்து அறை நிரம்பும். அதுதான் அந்தச் சுரத்தின் மையம். அதைத் தாண்டினால் மறுபடியும் மெலியும். புதிதாக ஊதுபவர்கள் பெரும்பாலும் மையத்துக்கு மேலேயேதான் தொங்கிக்கொண்டிருப்போம். சுவருக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று ஊதினால் இந்த மாற்றம் நன்றாகக் கேட்கும்.

பத்து நிமிடம் ஊதி ட்ரம்பெட் சூடான பிறகே ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் வளைந்த குழாயை) தொடுங்கள். குளிர்ந்த பித்தளை சுருதி குறைவாகக் காட்டும், ஏசி அறையில் இன்னும் மோசம். ஸ்லைடை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். மையம் பிடிபடாமல் ஸ்லைடை மட்டும் இழுப்பது, இறுக்கின உதட்டுக்கு நாமே சாக்குச் சொல்வது மாதிரி.

எவ்வளவு நன்றாக ஊதினாலும் சில சுரங்கள் பிசகும், அது கருவியின் அமைப்பு. கீழ் 'டி' (1, 3 வால்வ்), கீழ் 'சி ஷார்ப்' (மூன்றும்) இரண்டும் ஏறியே கேட்கும். இடது மோதிர விரல் நுழையும் வளையம் அதற்காகத்தான்: மூன்றாவது வால்வின் ஸ்லைடை 'டி'க்குச் சுமார் ஒரு செ.மீ., 'சி ஷார்ப்'புக்கு அதைவிடக் கூடுதலாக வெளியே தள்ள வேண்டும். நான் ரொம்ப நாள் அதைக் கருவியைப் பிடிக்க வைத்த வளையம் என்றே நினைத்திருந்தேன்.

வால்வ் இல்லாத மேல் 'ஈ' வேறு கதை. ட்யூனர் அதை 14 சென்ட் (பியானோவின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்) குறைவு என்று காட்டும். தம்பூராவோடு ஊதினால் அந்தர காந்தாரமாக இழைந்து உட்காரும். பியானோவோடு வாசிக்கும்போது மட்டும் அதைச் சற்று ஏற்றிப் பிடியுங்கள்.

ஊதின நேரம் அளவுக்கு ஓய்வும் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காக ம்யூட் (சத்தம் குறைக்க ட்ரம்பெட் வாயில் செருகும் அடைப்பு) போட்டால் நாதம், சுருதி இரண்டுமே மாறும். விரல் பயிற்சிக்குப் பரவாயில்லை, இதற்கு ஆகாது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதற்குள் ஊதலாம். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு புகார் பாதியாகக் குறைந்தது.