முன் வரிசையில் உட்கார்ந்தால் 3டி கூடுமாங்க?

கோயமுத்தூரில் 3டி படம் என்றால் எங்கள் வீட்டில் முன் வரிசைக்குத்தான் போட்டி. "பக்கத்துல உக்காந்தாத்தானுங்க படம் நல்லா வெளிய வரும்" என்பார் மாமா. கணக்கு நேர் எதிர்.

கண்ணாடியின் வேலை இரு கண்களுக்கும் வேறு வேறு படத்தைப் பிரித்துக் கொடுப்பது மட்டுமே. திரையில் அவை சற்று விலகி இருக்கும். அந்த விலகலைக் கொண்டு மூளைதான் தூரத்தை முடிவுகட்டுகிறது. பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையே ஏறக்குறைய 63 மி.மீ. இடது கண்ணுக்கான படம் வலது கண்ணுக்கானதைவிட அதே 63 மி.மீ. வலப்புறம் தள்ளி இருந்தால், பார்வைகள் பாதி வழியில் குறுக்கிடும். பொருள் அங்கே நிற்கும். 6 மீட்டரில் இருப்பவருக்கு அது திரையைவிட்டு 3 மீட்டர் வெளியே வரும். 20 மீட்டரில் இருப்பவருக்கு 10 மீட்டர். மாமா போட்டி போட்டுக் குறைவானதை வாங்கிக்கொண்டார்.

டிவிக்கென எடுத்த 3டியை புரொஜெக்டரில் பெரிதாக்கினால் விலகலும் பெரிதாகும். திரைக்குப் பின்னால் தெரிய வேண்டிய பொருளுக்கு அது 63 மி.மீ.-ஐத் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டும். கண்ணுக்குப் பழக்கமில்லாத வேலை அது, தலைவலி வரலாம். பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்ந்து பார்ப்பதும் வேண்டாம். கண்கள் மேலும் கீழுமாகிவிடும், படங்களோ கிடையாகவே விலகியிருக்கும்.

இரண்டு கண் இருந்தால்தான் ஆழம் தெரியும் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். சாலையோரப் புளியமரம் விருட்டென்று பின்னால் ஓடும், தென்னந்தோப்பு மெதுவாக நகரும், ஆனைமலை அப்படியே நிற்கும். எது கிட்டே, எது எட்ட என்று ஒற்றைக் கண்ணே சொல்லிவிடும். மலை இருக்கும் தூரத்துக்கு 63 மி.மீ. எந்த மூலைக்கு? அதனால் இரண்டு கேமராவை வெகுவாகத் தள்ளி வைத்து மலையை 3டியில் எடுப்பவர்கள் உண்டு. ஆழம் வரும், மலை மட்டும் கொலுவில் வைத்த மலையாகச் சிறுத்துவிடும்.

தியேட்டரில் வாங்கிய கண்ணாடியைச் சாதா டிவிக்குப் போடுவதும் வீண். அதில் இருப்பது ஒரே படம், பிரிக்க என்ன இருக்கிறது? புரொஜெக்டரில் 3டி காட்ட வெள்ளைச் சுவரும் உதவாது. இரு கண்ணின் படங்களும் தனித்தனி விதமாக அதிரும் ஒளியில் (துருவப்படுத்திய ஒளி) வரும், அது சுவரில் பட்டுச் சிதறினால் இரு படங்களும் கலந்துவிடும். இவ்வகை 3டி காட்டும் தியேட்டரில் உலோகப் பூச்சுள்ள வெள்ளித் திரை மாட்டுவது அதனால்தான். எங்கள் வீட்டு அலமாரியில் அப்படி நாலு கண்ணாடி சும்மா கிடக்கிறது.