பெஞ்ச் பவர் சப்ளை பழுது: புது ட்ரான்ஸிஸ்டர் போடும் முன் பழையது ஏன் போனது என்று பாருங்கள்

குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அவுட்புட்டில் முழு வோல்டேஜ் நிற்கிறதா? லீனியர் பெஞ்ச் சப்ளைகளில் (மேசையில் வைத்து, வேண்டிய வோல்டேஜைக் குமிழால் அமைத்துக்கொள்ளும் பெட்டி) அடிக்கடி வரும் பழுது இது. பெரும்பாலும் பாஸ் ட்ரான்ஸிஸ்டர், அதாவது அவுட்புட் கரண்ட் கடந்து போகும் ட்ரான்ஸிஸ்டர், ஷார்ட் ஆகியிருக்கும். என்னுடைய 30 வோல்ட் சப்ளையும் இப்படித்தான் படுத்தது. ட்ரான்ஸிஸ்டரை மாற்றுவது எளிது, மாற்றியது நிலைத்து நிற்பதுதான் கடினம். அதனால் அந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுதியிருக்கிறேன்.

உள்ளே பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள, கனமான வகைக்கு மட்டுமே இந்தச் செய்முறை. தூக்கினால் லேசாக இருக்கும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறை) வகையைப் புதிதாகக் கற்பவர்கள் திறக்கவே வேண்டாம். அதன் மெயின்ஸ் பக்கக் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கியிருக்கக்கூடும்.

முதல் படி: மூடியைத் திறக்காமல்

முழு வோல்டேஜுக்குப் பதிலாக அவுட்புட் பூஜ்யமாக இருந்து, சிசி விளக்கு (கரண்ட் லிமிட்டை எட்டியதைக் காட்டுவது) எரிந்தால், கரண்ட் குமிழைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். அது பூஜ்யத்தில் இருந்தாலே சப்ளை செத்தது போலத் தெரியும். ஏற்றியும் வரவில்லையா? அவுட்புட் முனைகளுக்குக் குறுக்கே தலைகீழாகப் போட்டிருக்கும் பாதுகாப்பு டையோடைச் சந்தேகியுங்கள். யாராவது பேட்டரியை முனை மாற்றி இணைத்திருந்தால் அது ஷார்ட் ஆகிவிடும். எந்த விளக்குமே எரியவில்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது) என்ற வரிசையில் போங்கள்.

இரண்டாம் படி: கெபாசிட்டரை வடிப்பது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரிய கெபாசிட்டரின் இரு முனைகளிலும் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை வைத்து அரை நிமிடம் பிடியுங்கள். 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வடிய அது போதும். பிறகு மீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கெபாசிட்டரும் கெடும், பொறி கண்ணிலும் தெறிக்கும்.

மூன்றாம் படி: ட்ரான்ஸிஸ்டர் சோதனை

மல்ட்டிமீட்டரை டையோடு ரேஞ்சில் வையுங்கள். நல்ல என்பிஎன் வகை ட்ரான்ஸிஸ்டரில் (மூன்று கால்கள்: பேஸ், எமிட்டர், கலெக்டர்), சிவப்பு முனை பேஸில் இருக்கும்போது எமிட்டருக்கும் கலெக்டருக்கும் 0.5 முதல் 0.7 வரை காட்டும். கலெக்டர்–எமிட்டர் இடையே இரு திசையிலும் ஓஎல் (இணைப்பு இல்லை என்று மீட்டர் காட்டும் குறி) வர வேண்டும்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த இடம் இதுதான். பல சப்ளைகளில் 2என்3055 போன்ற ட்ரான்ஸிஸ்டர்கள் இரண்டு, மூன்று என பேரலலில் இருக்கும். ஒன்று ஷார்ட் ஆனாலும் போர்டில் வைத்து அளந்தால் எல்லாமே ஷார்ட் என்றுதான் மீட்டர் சொல்லும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு எமிட்டரிலும் ஒரு 0.22 ஓம் போன்ற குண்டு ரெசிஸ்டர் இருக்கும், அதன் ஒரு காலை மட்டும் தூக்கிவிட்டு அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். அப்போதும் நல்ல ட்ரான்ஸிஸ்டரின் கலெக்டர்–எமிட்டர் இடையே 0.6 காட்டினால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேஸ் கம்பி பொதுவாக இருப்பதால், கெட்டதன் வழியாகச் சுற்றி வரும் அளவு அது. பேஸையும் பிரித்தால் ஓஎல் வந்துவிடும்.

தூக்கிய ரெசிஸ்டர்களையும் அளந்துவிடுங்கள். மீட்டர் வயரிலேயே சில பத்தில் ஒரு பங்கு ஓம் இருக்கும் என்பதால், இரு முனைகளையும் முதலில் ஒட்டவைத்து வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு ரெசிஸ்டர் ஓபன் ஆகியிருந்தால், அதாவது உள்ளே அறுந்திருந்தால், மொத்தச் சுமையும் மற்ற ட்ரான்ஸிஸ்டரின் தலையில் விழுந்திருக்கும். அடுத்து, பேஸை ஓட்டும் டிரைவர் ட்ரான்ஸிஸ்டர். பாஸ் ட்ரான்ஸிஸ்டர் போகும்போது இதையும் பலமுறை இழுத்துக்கொண்டு போகும். இதை விட்டுவிட்டால் புது ட்ரான்ஸிஸ்டர் போட்டும் பழுது அப்படியே இருக்கும்.

பிறகு சூட்டின் கணக்கு. உள்ளே 40 வோல்ட், வெளியே 5 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 35 × 3 = 105 வாட் சூடாக மாறுகிறது. 2என்3055-இன் 115 வாட் என்பது அதன் உடல் 25 டிகிரியில் இருக்கும்போது மட்டுமே, சூடு ஏற ஏற அந்தத் தாங்குதிறன் குறையும். இதற்காகத்தான் பல சப்ளைகளில் குறைந்த வோல்டேஜுக்கு ட்ரான்ஸ்ஃபார்மரின் கீழ் டேப்புக்கு (குறைந்த வோல்டேஜ் தரும் இணைப்பு) மாற்றிவிடும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், இருக்கிறது. அந்த ரிலே மேல் டேப்பிலேயே ஒட்டிக்கொண்டாலோ ஃபேன் நின்றுபோனாலோ ட்ரான்ஸிஸ்டர் வெந்துவிடும். வோல்டேஜை ஏற்றும்போது ‘டிக்’ சத்தம் கேட்காவிட்டால் ரிலேயைப் பாருங்கள்.

நான்காம் படி: பொருத்துவது

2என்3055-இன் உலோக உடல்தான் கலெக்டர். ஆகவே ஹீட் சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) அதற்கும் நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடும், ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் வேண்டும். சிலிகான் பேடைவிட மைக்காவும் மெல்லிய பூச்சாகத் தெர்மல் பேஸ்டும்தான் என் தேர்வு. இறுக்கிய பின் உடலுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே அளந்தால் ஓபன் வர வேண்டும். பழையதில் மைக்கா இல்லாமல் ஹீட் சிங்கையே சேஸிஸிலிருந்து பிரித்து வைத்திருந்தால் அப்படியே விடுங்கள். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்வது இதற்காகத்தான். போலி 2என்3055 நிறைய புழங்குகிறது, நம்பகமான இடத்தில் வாங்குங்கள். பேரலலில் உள்ளவற்றை ஒரே தயாரிப்பாக மொத்தமாக மாற்றுவது நல்லது.

ஐந்தாம் படி: முதல் ஆன்

மெயின்ஸில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பளிச்சென்று மின்னி மங்கினால் சரி, கெபாசிட்டர் நிரம்புகிறது. பிரகாசமாகவே எரிந்தால் உடனே ஆஃப், இன்னும் எங்கோ ஷார்ட் இருக்கிறது. லோடு சோதனைக்கு முன் சீரிஸ் பல்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வோல்டேஜ் சரிந்து குழப்பும்.

லோடுக்கு வாகனங்களின் 12 வோல்ட், 21 வாட் பல்பு எனக்குப் பிடித்தது. எரியும்போது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த இழை முதலில் பல மடங்கு இழுப்பதால், கரண்டை 2 ஆம்பியரில் வைத்தால் சிசி விளக்கு ஒரு கணம் எரிந்து அணையும். லிமிட் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

பின்சேர்க்கை

‘எல்லாம் சரி, ஆனால் பூஜ்யத்துக்கு இறங்க மாட்டேன் என்கிறது’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவுட்புட்டை முழுப் பூஜ்யத்துக்கு இறக்க, பல வடிவமைப்புகளில் ஆப்-ஆம்புக்கு (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஐசி) சிறிய நெகட்டிவ் சப்ளை இருக்கும். அதன் கெபாசிட்டரையும் ஸீனர் டையோடையும் அளந்து பாருங்கள். குமிழைத் திருப்பும்போது வோல்டேஜ் குதித்தால் குமிழுக்குப் பின்னால் உள்ள பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது. ஸ்ப்ரே அடித்து ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள். சில சர்க்யூட்களில் அதன் நடுக்கால் தொடர்பு விட்டால் அவுட்புட் நேராக உச்சத்துக்குப் போய், இணைத்திருக்கும் போர்டைப் பொசுக்கிவிடும்.