எறும்பு காலனிக்கு காலனி வைரஸ் தாவாம பாத்துக்கறது எப்படி

ரெண்டு மூணு எறும்பு காலனி பக்கத்து பக்கத்துல வெச்சு வளக்கறீங்களா, அப்போ மொதல்ல அதுங்க குப்பை கொட்டுற மூலைய பாருங்க. செத்த எறும்பு, தின்னு போட்ட பூச்சி ஓடு எல்லாம் அங்கதான் சேரும், அத மேய குட்டி ஃபோரிட் ஈ, கரப்பான் குஞ்சு, வீட்டு எறும்புன்னு ஏதாவது வரும், வந்தது அடுத்த ட்ரேக்கும் போகும். வைரஸ் அதுங்க உடம்புக்குள்ள பெருகணும்னு கூட இல்ல, கால்லயும் வாய்லயும் ஒட்டிக்கிட்டு போனாலே ரிஸ்க்தான்.

அமெரிக்காவுல ஃபயர் ஆன்ட்ங்கற நெருப்பு எறும்புகிட்ட 2004ல ஒரு வைரஸ் ரிப்போர்ட் ஆச்சு, எஸ்ஐஎன்வி-1னு பேரு. அப்புறம் கண்டுபுடிச்ச எஸ்ஐஎன்வி-3தான் மோசம், லேப்ல வெச்ச காலனிய அப்படியே சரிய வெச்சிடும், வேலைக்கார எறும்புங்க புழுவுக்கு (முட்டைல இருந்து வர்ற எறும்புக் குஞ்சு) சரியா ஊட்டாது, ராணி முட்டை போடறதும் கொறஞ்சிடும். லேப்ல தொத்த வைக்க, நோய் வந்த எறும்ப அரைச்சு சாப்பாட்டுல கலந்து குடுத்தாலே போதும், வாய்க்கு வாய் ஊட்டிக்கற கூட்டம் இல்லையா.

அதனால செத்தத தினமும் எடுத்துடுங்க, மூடி உள்ள டப்பால போடுங்க. ஒரு காலனி மிச்சம் வெச்சத இன்னொன்னுக்கு போடவே போடாதீங்க, வெளிய பொறுக்குன செத்த எறும்பும் வேணாம். தீனிப் பூச்சிய ஃப்ரீசர்ல வெச்சா க்ளீன் ஆயிடும்னு நெறைய பேர் நம்பறாங்க, ஆனா லேப்ல வைரஸ் சாம்பிள கெடாம வெச்சிருக்கறதே டீப் ஃப்ரீசர்லதான்! ஒரு நிமிஷமாவது கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்து ஆறவிட்டு குடுங்க.

ட்ரே ஓரத்துல ஃப்ளூவான்னு வழுக்கற பூச்சு தடவினா நடந்து வர்றது வழுக்கி விழும், பறக்கறத அது தடுக்காது. ஃபோரிட் ஈ ரொம்ப சின்ன இடுக்குலயும் பூந்துடும், நெருக்கமான ஸ்டீல் மெஷ் போடுங்க.

ட்வீசர் காலனிக்கு ஒண்ணு. முடியலன்னா 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணி கலந்து 10 நிமிஷம் ஊற வெச்சு, நல்லா அலசி காயவெச்சு தொடுங்க. டவுட்டா இருக்கற காலனிக்கு கடைசியா தீனி போடுங்க, புதுசா வந்தத வேற ரூம்ல வைங்க.

புழு கொறஞ்சுகிட்டே போகுது, தீனி தொடாம கெடக்கு, சாவு ஏறுதுன்னா வைரஸ்தான்னு அடிச்சு சொல்ல முடியாது, பசி குளிரு கூட காரணமா இருக்கலாம், ஆனாலும் தனியா வெச்சிடுங்க. மருந்துன்னு எதுவும் கெடையாது. காலனி மொத்தமா போச்சுன்னா மண்ண கொல்லைல கொட்டிடாதீங்க, கொதி தண்ணி ஊத்திட்டு அப்புறமா தூக்கி போடுங்க.