ஒரே உயரம், ஒருவருக்கே தங்கம்: உயரம் தாண்டுதலைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மார்ச்சில் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலக உள்ளரங்கத் தடகளப் போட்டியில், மகளிர் உயரம் தாண்டுதல் இறுதிச்சுற்று இப்படி முடிந்தது: நிக்கோலா ஒலிஸ்லேகர்ஸ் 1.97 மீட்டர், தங்கம். எலினோர் பேட்டர்சன் அதே 1.97 மீட்டர், வெள்ளி. இருவரும் ஆஸ்திரேலியர்கள். உலக சாதனையாளரான உக்ரைனின் யரோஸ்லாவா மகுசிக் 1.95 மீட்டருடன் வெண்கலம் பெற்றார். இதைப் படித்தவுடன் "பேட்டர்சனுக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். வெற்றியைத் தீர்மானித்தது, தாண்டத் தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவரின் தாளில் ஏறிய பெருக்கல் குறிகள்.

அந்தத் தாளைப் படிக்கும்போது எல்லாப் பெருக்கல் குறிகளையும் கூட்டிப் பார்ப்பது அடுத்த தவறு. கற்பனையாக இரண்டு வீராங்கனைகளை வைத்துக்கொள்வோம். முதலாமவர் 1.92 மீட்டரை மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார். மற்ற உயரங்களையும் 1.97-ஐயும் முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டார். இரண்டாமவர் 1.95 வரை ஒரு தவறும் செய்யவில்லை; 1.97-ஐ இரண்டாவது முயற்சியில் தாண்டினார். மொத்தத் தவறுகள் முதலாமவருக்கு இரண்டு, இரண்டாமவருக்கு ஒன்று. ஆனாலும் தங்கம் முதலாமவருக்கே. கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் மட்டுமே, அந்த உயரம் வரையிலான மொத்தத் தவறுகளை எண்ணுவார்கள். பிறகு 1.99-இல் இருவரும் எத்தனை முறை கம்பைத் தட்டிவிட்டாலும் அவை கணக்கில் வராது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகுசிக், ஒலிஸ்லேகர்ஸ் இருவருமே 2.00 மீட்டர் தாண்டினார்கள். மகுசிக் முதல் முயற்சியில், ஒலிஸ்லேகர்ஸ் மூன்றாவதில். தங்கம் மகுசிக்குக்குப் போனது. அதே போட்டியில் 1.95 மீட்டரில் சமமாக நின்ற பேட்டர்சனும் உக்ரைனின் இரினா ஹெராஷ்சென்கோவும் வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். எல்லாக் கணக்கும் சமமானால் மீண்டும் தாண்டச் சொல்வது முதலிடத்துக்கு மட்டும்தான். அதையும் வீராங்கனைகள் வேண்டாம் என்று சொல்லித் தங்கத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு என்று நினைப்பதும் தவறு. தொடர்ந்து மூன்று தவறு செய்தால் வெளியேற வேண்டும் என்பதே விதி. அந்த மூன்றும் ஒரே உயரத்தில் நிகழ வேண்டியதில்லை. 1.97-இல் ஒருமுறை தவறியவர், மீதமுள்ள இரண்டு வாய்ப்புகளை 1.99-க்கு எடுத்துச் செல்லலாம். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் "பயந்து ஒதுங்கிவிட்டார்" என்பார்கள். உண்மையில் அது துணிச்சலான கணக்கு. போட்டியாளர் 1.97-ஐ முதல் முயற்சியிலேயே தாண்டியிருந்தால், நாம் இரண்டாவதில் தாண்டினாலும் பின்தங்கியே இருப்போம். அதைவிட உயரத்தைக் கூட்டி, இருக்கும் இரண்டு வாய்ப்பில் முன்னேறப் பார்ப்பது மேல். இந்த முடிவை அவர் எடுப்பது கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது. மூவருக்கு மேல் களத்தில் இருந்தால் ஒரு முயற்சிக்கு ஒரு நிமிடம். இருவரோ மூவரோ என்றால் ஒன்றரை நிமிடம்.

கம்பு ஆடினால் தோல்வி என்று முடிவு செய்துவிடாதீர்கள். இடுப்பு உரசி, நான்கு மீட்டர் நீளக் கம்பு தாங்கிகளின் மேல் துள்ளும். வீராங்கனை மெத்தையில் கிடந்தபடியே அதை அண்ணாந்து பார்ப்பார். அவர் தொட்டும் அது விழாமல் நின்றுவிட்டால், முயற்சி செல்லும் என்று காட்டும் வெள்ளைக் கொடிதான். திறந்தவெளியில், சரியாகத் தாண்டிய பிறகு காற்று கம்பைத் தள்ளினாலும் அந்தத் தாண்டல் செல்லும். உள்ளரங்கில் காற்றைக் காரணம் காட்ட வழியில்லை.

இதே உலக உள்ளரங்கப் போட்டியில் தங்கம் வென்ற உயரம் 2022 பெல்கிரேடில் 2.02, 2024 கிளாஸ்கோவில் 1.99, நான்ஜிங்கில் 1.97 என்ற வரிசையைப் பார்த்துத் தரம் குறைகிறது என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். இறுதிச்சுற்றில் பதக்கம்தான் குறி. பெல்கிரேடில் வென்ற மகுசிக், உக்ரைனில் போர் தொடங்கிய சில வாரங்களில் அந்நாட்டின் தினிப்ரோ நகரிலிருந்து மூன்று நாள் காரில் பயணம் செய்து வந்து சேர்ந்தவர். உள்ளரங்கச் சாதனை என்றால் இரண்டாந்தரம் என்றும் எண்ண வேண்டாம். கூரையின் கீழ் தாண்டிய உயரமும் பொது உலக சாதனையாக ஏற்கப்படும். சுவீடனின் கயிசா பெர்க்விஸ்ட் 2006-இல் ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட்டில் தாண்டிய 2.08 மீட்டர்தான் மகளிர் உள்ளரங்கச் சாதனை. 2024 ஜூலையில் பாரிஸில் மகுசிக் திறந்தவெளியில் தாண்டியது 2.10.