கந்தக ஊற்றில் இறங்கும் முன் வெள்ளியைக் கழற்றுங்கள்

இத்தாலியின் சாத்தூர்னியா போன்ற கந்தக வெந்நீர் ஊற்றில் இறங்கும் முன் கொலுசு, மெட்டி, அரைஞாண் என வெள்ளியில் எது இருந்தாலும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். சுமார் 37 டிகிரி சூட்டில் வரும் அந்த நீரில் ஹைட்ரஜன் சல்பைடு கரைந்திருக்கிறது; அங்கே அடிக்கும் அழுகிய முட்டை வாடை அதனுடையதுதான். அது வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்பைடாகிறது, பளபளத்த கொலுசு கருத்துப்போகிறது. மெட்டி இறுக்கமாக இருந்தால் முந்தைய நாளே சோப்பு நுரை போட்டுக் கழற்றுவது நல்லது.

மறந்து இறங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, நகையை அதன் மேல் படும்படி வைத்து, ஆப்பசோடா போட்டுக் கொதிநீர் ஊற்றினால் கருமை பெரும்பாலும் போய்விடும். கல், முத்து பதித்த நகைக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கந்தகம் இல்லாத ஊற்றுகளுக்கு இந்தக் கவலை இல்லை.