ஆபீசில் முதல் மெயில்: ‘டூ’வில் யார், ‘சிசி’யில் யார்?

வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு டை கட்டுவதையும் கைகுலுக்குவதையும் பிளேஸ்மென்ட் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மெயில் எழுதுவதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். ஜிமெயிலை வைத்துச் சொல்கிறேன். அவுட்லுக்கிலும் முறை இதுதான்.

1. முகவரி கடைசியில். முதலில் ஃபைலை இணையுங்கள், அப்புறம் சப்ஜெக்ட், அப்புறம் விஷயம். எல்லாம் படித்துப் பார்த்த பிறகுதான் ‘டூ’வில் கை வைக்க வேண்டும். பாதி எழுதிய மெயில் கை தவறிப் போனாலும் போக இடம் இருக்காது.

2. சப்ஜெக்ட். ‘ஹாய்’, ‘அர்ஜென்ட்’ எல்லாம் சப்ஜெக்ட் இல்லை. ‘லீவ் – ஜூன் 12, 13’ என்று போட்டால் மேனேஜர் மெயிலைத் திறக்காமலே விஷயம் தெரிந்துகொள்வார்.

3. விளிப்பு. ஐடி கம்பெனிகளில் பெரும்பாலும் பெயர் சொல்லியே எழுதுவார்கள். வங்கி, அரசு அலுவலகம் என்றால் சார், மேடம்தான். குழப்பமாக இருந்தால் முதல் மெயிலில் மரியாதையைக் கூட்டியே போடுங்கள். அவர் பதிலின் கீழே எந்தப் பெயர் போடுகிறாரோ, அடுத்த மெயிலில் அப்படியே அழைக்கலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். முத்துக்குமார் மெயில் அனுப்பினால் அமெரிக்காவிலிருந்து ‘ஹாய் செல்வராஜ்’ என்று பதில் வரும். அப்பா ஊரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். மெயிலின் முடிவில் உங்களை எப்படி அழைக்க வேண்டுமோ அந்தப் பெயரை மட்டும் போடுங்கள்.

4. டூ, சிசி, பிசிசி. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். வேலையைச் செய்ய வேண்டியவர் ‘டூ’வில், தெரிந்துகொண்டால் போதும் என்பவர் ‘சிசி’யில். ‘டூ’வில் ஆறு பேரைப் போட்டால் ஒருவரும் செய்ய மாட்டார்கள், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

பதில் வரவில்லையே என்று இரண்டாவது மெயிலில் அவருடைய மேலதிகாரியை ‘சிசி’யில் சேர்ப்பது நினைவூட்டல் ஆகாது, அது புகார். முதலில் போன் செய்து கேளுங்கள். நேர்மாறாக, மேனேஜர் ‘சிசி’யில் வைத்த ஆளை நீங்கள் வெறும் ‘ரிப்ளை’ அழுத்திக் கழற்றிவிடுவதும் தப்பு. ஃபார்வர்டு செய்யும்முன் கடைசி வரை கீழே இறங்கிப் படியுங்கள். வாடிக்கையாளரைப் பற்றி நம்மவர்கள் பேசிக்கொண்டது அங்கே கிடக்கலாம்.

மற்றவர்கள் கண்ணில் படாமல் ஒருவருக்கு நகல் அனுப்பும் ‘பிசிசி’யை நான் அநேகமாகத் தொடுவதில்லை. ரகசியமாக வைக்கப்பட்டவர் ஆர்வக்கோளாறில் ‘ரிப்ளை ஆல்’ அழுத்தினால் குட்டு உடைந்துவிடும். ஒருவரையொருவர் அறியாத நிறைய பேருக்கு அறிவிப்பு அனுப்பும்போது மட்டும் அது சரி.

5. விஷயம். பள்ளியில் மனப்பாடம் செய்த ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ கடிதத்தை மறந்துவிடுங்கள். எந்த நாள் லீவு, உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள், அவசரம் என்றால் எந்த எண்: மூன்று வரி போதும். மேனேஜருக்கு அறிகுறிப் பட்டியல் வேண்டாம், அன்றைய வேலை நடக்குமா என்பதுதான் வேண்டும்.

6. அனுப்பும்முன். ஜிமெயில் செட்டிங்ஸில், அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்கும் ‘அன்டூ சென்ட்’ நேரத்தை 30 நொடிக்கு மாற்றுங்கள். வழக்கமாக 5 நொடிதான் இருக்கும், அதற்குள் பதறத்தான் முடியும். 25 எம்பிக்கு மேல் ஃபைல் இருந்தால் கூகுள் டிரைவ் லிங்க்காகப் போகும். அதைத் திறக்கும் அனுமதியை அவருக்குக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். இரவு 11 மணிக்கு எழுதி முடித்தீர்களா? ‘ஷெட்யூல் சென்ட்’ போட்டுக் காலையில் போகவிடுங்கள்.

பிற்சேர்க்கை: திடீரென்று காய்ச்சல் வந்தால் மெயிலா, வாட்ஸ்அப்பா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். வேலை நேரம் தொடங்கும்முன் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பிலோ போனிலோ சொல்லிவிட்டு, பதிவுக்காக ஒரு மெயிலும் போடுங்கள். ‘குட் மார்னிங் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அந்தச் செய்தியிலேயே விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொருவர், எல்லோருக்கும் வந்த அறிவிப்புக்கு ‘நோட்டட், தேங்க்ஸ்’ போடலாமா என்று கேட்டார். 200 பேருக்கு வந்த மெயில் என்றால் தயவுசெய்து வேண்டாம்.