கனடியப் பனிக்காலத்தில் இறைச்சி மாடுகளைப் பேணுதல்

கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், மனிட்டோபா மாகாணங்களில் குளிர் −30 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் நாட்களிலும் பெரும்பாலான இறைச்சி மாடுகள் கூரையில்லாத வெளியில்தான் நிற்கின்றன. தொழுவத்தில் அடைப்பதே இரக்கம் என்று தோன்றலாம். ஆனால் காற்றோட்டமின்றி ஈரம் தேங்கும் கொட்டகை நுரையீரல் நோயைத்தான் வளர்க்கும். அடர்ந்த குளிர்கால மயிரும், தோலடிக் கொழுப்பும், பெருவயிற்றில் தீவனம் நொதிக்கையில் பிறக்கும் வெப்பமுமே மாட்டின் போர்வை.

மயிர் உலர்ந்திருந்தால், நல்ல உடல்நிலையிலுள்ள மாடு ஏறத்தாழ −8 பாகை வரை கூடுதல் தீவனமின்றித் தாங்கும். அதே மயிர் நனைந்துவிட்டால் 15 பாகையிலேயே அதற்குக் குளிரத் தொடங்கும். அந்த எல்லைக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் ஆற்றல் தேவை சுமார் 2 விழுக்காடு கூடுகிறது. எனவே உறைபனியைவிட, நவம்பரில் பெய்யும் ஈரப்பனிக்கும் காற்றுக்குமே அதிகம் அஞ்ச வேண்டும். காற்றை முழுதாக மறிக்கும் சுவரின் பின்னால் பனி சுழன்று குவியும். ஆகவே பலகைகளுக்கிடையே நான்கில் ஒரு பங்கு இடைவெளி விட்டு வேலி அமைப்பதே நல்லது. படுக்க உலர்ந்த வைக்கோலைத் தாராளமாகப் பரப்ப வேண்டும்.

வேலை இலையுதிர் காலத்திலேயே தொடங்குகிறது. நீண்ட மயிர் மெலிவை மறைத்துவிடும் என்பதால், கண்ணை நம்பாமல் விலா எலும்பின் மேலும் வாலடியிலும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெலிந்த மாடுகளையும் முதல் சினைக் கிடேரிகளையும் தனியே பிரித்துவிடுங்கள். கூட்டத்தில் விட்டால் மூத்த பசுக்கள் அவற்றை முட்டி விரட்டிவிடும்.

600 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்கு உடல் எடையில் 2 முதல் 2.5 விழுக்காடு உலர்பொருள் (ஈரம் நீக்கிக் கணக்கிட்ட தீவனம்) தின்னும். ஈரத்தையும் சேர்த்தால் அது 14 முதல் 17 கிலோ உலர்புல். தீவனம் போட வேண்டிய குளிர்காலத்தை 200 நாட்கள் என்று கொண்டால் ஏறத்தாழ 3 டன். மிதிபட்டு வீணாவதையும் கணக்கில் சேர்த்தே உருளைக் கட்டுகளை வாங்க வேண்டும். ஆய்வகத்தில் புல்லைச் சோதித்துக்கொள்வதற்கு ஆகும் செலவு வீண்போகாது: நடுச்சினையில் 7, கடைசி மாதங்களில் 9, பால் சுரக்கையில் 11 விழுக்காடு புரதம் தேவை. வைக்கோலை மட்டும் போட்டால் வயிறு நிறைந்தும் மாடு மெலியும், அடைப்பும் ஏற்படலாம். உறைபனியில் சிக்கிய ஓட்ஸ் பயிரில் நைட்ரேட் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால் அதைச் சோதிக்காமல் போடவே கூடாது. கடுங்குளிர் நீடித்தால் பார்லி தானியம் கொடுக்கலாம். ஆனால் அளவைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். நாட்பட்ட புல்லில் வைட்டமின் ஏ குறைந்துவிடுவதால் தாது உப்புக் கலவையில் அது இருப்பது அவசியம்.

தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். பழகிய, பால் சுரக்காத பசு தூய்மையான தளர்ந்த பனியைத் தின்று சமாளிக்கும். ஆனால் பனி இறுகிப் பாளமானாலும், பசு கன்றுக்குப் பாலூட்டினாலும் தண்ணீர்த் தொட்டி கட்டாயம்.

தீவனத்தை மாலையில் போடுவதே என் பரிந்துரை. நொதித்தலின் வெப்பம் இரவில் உதவும் என்பதோடு, ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே இப்படிப் பழக்கினால் பெரும்பாலான கன்றுகள் பகலில் பிறக்கும். நள்ளிரவில் நனைந்த உடலோடு பனியில் விழும் கன்றின் காது உறைவதற்குள் நாம் எழுந்து சென்று சேர்வது அரிது.